உறைந்த ஆற்றில் ஐந்து போத்தல்

இருபத்தாறு வயதில் எனக்குப் பிரியாவிடை வைத்து அனுப்பிவிட்டார்கள். போன கிழமை அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள், கோப்பி ஊற்றினார்கள். என் மேலாளர் ஹெர் லூடர்ஸ் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்து நின்றார். ரப்பர் சப்பாத்தும் எண்ணெய் பிரண்ட மேற்சட்டையும் இல்லாமல் நான் அவரை அதற்கு முன் கண்டதே இல்லை.

"நான் இந்த ஆத்தோட வாழ்நாள் முழுக்க மாரடிக்கிறன், எனக்கு இன்னும் பென்சன் தரேல்லை. அன்ரன் வந்தார், எடுத்துக்கொண்டு போறார்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

அவர் சொன்னது ஜெர்மனில்தான். ஆனால் எனக்கு அது எங்கள் தமிழிலேதான் காதில் கேட்கும். அப்படியே எழுதுகிறேன்.

உண்மையில் பென்சன் ஒன்றும் இல்லை. என்னை அகதி என்று ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். இனி விரும்பிய ஊரில் இருக்கலாம். என் அண்ணியும் அண்ணன் மகளும் தெற்கே ஸ்ருட்கார்ட் பக்கம் வந்து சேர்ந்திருக்கிறார்கள். அண்ணன் இல்லை. அதனால் நான் அங்கே போகிறேன். என் இடத்துக்கு எங்கள் ஹைமில் இருந்து ரஞ்சன் வருகிறான். ஹைம் என்றால் வழக்கு முடியாத அகதிகளை வைத்திருக்கிற விடுதி. அவன்தான் பின்னால் திரிந்து கேட்டான்.

"அண்ணை, நீங்கள் போனாப் பிறகு நான் ஆரைக் கேக்கிறது? எழுதி வைச்சிட்டுப் போங்கோ. எங்கட தமிழ்ச் சஞ்சிகையிலயும் போடலாம், பக்கம் நிரம்பாமக் கிடக்கு."

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பிழை இருந்தால் சஞ்சிகைக்காரர் திருத்திக்கொள்ளட்டும்.

நான் மயிலிட்டிப் பக்கத்துக் கடற்கரைப் பெடியன். அப்பா சின்னதிலேயே போய்விட்டார். கூடப்பிறந்த அண்ணன் யோசேப்புதான் வளர்த்தது. அவரோடுதான் கடலுக்குப் போனேன். எண்பத்து நாலில் அவரே என்னை விமானம் ஏற்றி அனுப்பினார். கிழக்கு ஜெர்மனியில் ஷோனெஃபெல்ட்டில் இறங்கி, ரயில் ஏறி, மேற்குப் பக்கம் வந்து, அங்கே அகதி மனுவில் கையெழுத்து வைத்து, கடைசியில் ஹம்பேர்க்குக்கு மேலே எல்ப ஆற்றோடு வந்து சேருகிற ஒரு கிளையாற்றங்கரை ஊரில் கொண்டுவந்து விட்டார்கள்.

அடுத்த வருடம் கொழும்பில் இருந்து சித்தப்பா தொலைபேசி எடுத்தார். ஹைம் அலுவலகத்தில் வைத்துத்தான் கதைத்தேன். "தம்பி, யோசேப்பு இல்லையடா. கடலுக்குப் போன இடத்தில சுட்டுப்போட்டாங்கள்" என்றார். நான் "ஓம்" என்றேன். அலுவலகத்தில் இருந்த வெள்ளைக்காரி நல்ல செய்தியா என்று கேட்டாள். அதற்கும் "ஓம்" என்றேன்.

அதற்குப் பிறகு நான் கட்டிலில் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்துவிட்டேன். என் அறையில் இருந்த குணம் அண்ணை நல்லூர்க்காரர், ஊரில் லொறி ஓட்டியவர். நாளும் பொழுதும் என்னோடு சண்டை பிடித்தார்.

"டேய், எழும்படா. அந்தச் சுவரில என்ன படம் ஓடுது? எனக்கும் ஒரு ரிக்கெற் எடு, பாப்பம்."

நான் திரும்பமாட்டேன். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவேன், அவ்வளவுதான். யாரிடமும் அண்ணனைப் பற்றிக் கதைக்கவில்லை. கதைத்தால் அது முடிந்துபோன விஷயம் ஆகிவிடும் போல இருந்தது.

எங்களுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. ஆனால் ஊருக்குப் பொதுவான வேலைக்கு அகதிகளைக் கூப்பிடலாம். கைச்செலவுக்குக் கொஞ்சம் தருவார்கள். ஒருநாள் நகரசபையில் இருந்து ஒருத்தர் வந்து, பூங்காவில் இலை கூட்ட ஒருவர் வேண்டும், ஆற்று அளவை அலுவலகத்துக்கு ஒருவர் வேண்டும் என்றார். எனக்காகக் குணம் அண்ணைதான் மறுமொழி சொன்னார்: "உவன் கடற்கரையான். ஆத்தில விடுங்கோ, நீந்தி வந்திடுவான்."

அப்படித்தான் ஹெர் லூடர்ஸிடம் போனேன். கதவு மறைக்கிற மனிதன். முதல் நாள் கதிரையில் இருந்தபடியே கேட்டார்.

"பேர் என்ன?"

"அன்ரன்."

"அது எங்கட பேரெல்லோ. உங்கட பேரைச் சொல்லுங்கோ."

"அதுதான் என்ர பேர்."

கதிரையில் சாய்ந்தார். "என்ர மாமன் ஒருத்தருக்கும் அன்ரன் எண்டுதான் பேர். அவருக்கு ஒரு வேலையும் தெரியாது. சரி, பாப்பம்."

அவர் கடைசிவரை என்னை நீங்கள் என்றுதான் சொன்னார். ஹைமிலும் கந்தோர்களிலும் எங்களை நீ என்று விரட்டிக்கொண்டிருந்த காலம் அது. நன்று என்று ஒருநாளும் சொல்லமாட்டார். பிழை என்றால் "ஆறுதலா" என்பார். சரியாக வந்தால் "நா அல்ஸோ" என்பார். "பாத்தீரோ, வந்திட்டுது" என்கிற மாதிரி ஒரு சொல். அது வாயில் இருந்து விழுந்தால் எனக்கு அன்றைக்குப் பசி இராது.

வேலை இதுதான். ஆற்றுத் தண்ணீரில் மிதந்து போகிற வண்டலைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். எவ்வளவு மண் போகிறது என்று தெரிந்தால்தான் துறைமுகத்தில் எவ்வளவு சேறு வந்து அடையும் என்று கணக்குப் பார்க்கலாம். வாளியால் அள்ளினால் சரிவராது. மேல் தண்ணீர் தெளிவு, அடித் தண்ணீர் கலங்கல். அதற்கென்று ஒரு சாமான் வைத்திருந்தார்கள். வெண்கலத்தில் வார்த்தது, பெரிய பாரை மீன் அளவு. வாலும் செட்டையும் உண்டு. நாங்கள் அதை மீன் என்றே சொல்வோம். தண்ணீருக்குள் இறக்கினால் ஓட்டத்துக்கு முகம் கொடுத்துத் தானாகத் திரும்பி நிற்கும். வயிற்றைத் திறந்தால் உள்ளே ஒரு போத்தல். முகத்தில் பென்சில் தடிப்பில் ஒரு பித்தளைக் குழாய், அதுதான் மூக்கு. தண்ணீர் மூக்கால் போத்தலுக்குள் போகும். உள்ளே இருக்கிற காற்று பக்கத்தில் உள்ள சின்னத் துளையால் வெளியேறும்.

ரஞ்சன், இதைக் கவனமாய் வாசி. மேலிருந்து அடிவரை ஒரே வேகத்தில் இறக்கு, அதே வேகத்தில் ஏற்று. அப்போதுதான் ஆற்றின் முழு ஆழத்திலும் இருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போத்தலில் சேரும். அடியில் முட்டவிடாதே. முட்டினால் படுத்திருக்கிற சேறு எழும்பி உள்ளே போய்விடும். போத்தல் நிரம்பவும் விடாதே. முக்கால் போத்தலோடு மேலே வர வேண்டும். நிரம்பினால் ஊற்றிவிட்டுத் திரும்ப இறக்கு. கடலில் கயிறு இழுத்த கைக்கு இது பெரிய வில்லங்கம். என் கை மீன் கொத்தின மாதிரி வெடுக்கென்று இழுக்கும். ஹெர் லூடர்ஸ் பின்னால் நின்று "ஆறுதலா, ஆறுதலா. உது செத்த மீன், ஓடாது" என்பார்.

கோடை முழுக்கப் பாலத்தில், வெயிலில், மழையில் நின்று பழகினேன். ஆற்றின் அகலத்தில் ஐந்து இடம், ஐந்து போத்தல். எனக்குத் தெரியாமலே நான் காலையில் எழும்பத் தொடங்கியிருந்தேன்.

பிறகு ஆறு உறைந்தது. வேலை நின்றது. "ஐஸ் போனாப் பிறகு வாங்கோ" என்று அனுப்பிவிட்டார்கள். திரும்பவும் அதே அறை, அதே சுவர். அந்தக் குளிர்காலத்தை நான் எழுதமாட்டேன். குணம் அண்ணைக்குத் தெரியும், அவர் யாருக்கும் சொல்லவும் மாட்டார்.

அடுத்த குளிர்காலம் வர முதல் இன்னொரு கதை வந்தது. பெரிய நகரத்தில் இருக்கிற தலைமை அலுவலகம், ஐஸ் காலத்தில் ஒருத்தரும் மாதிரி எடுப்பதில்லை, வருடத்தில் ஒரு பகுதி விடுபட்ட கணக்கு எதற்கு, இந்த ஊர் வேலையை முழுதாக நிறுத்திவிடலாம் என்றதாம். ஹெர் லூடர்ஸ் தொலைபேசியில் கத்தினார். ஐசுக்கு அடியிலும் மண் போகிறது, நான் பிடித்துக் காட்டுகிறேன் என்றார். அங்கே இருந்து ஒரு மறுமொழி வந்தது: இந்தக் குளிர்காலத்துக்குள் ஐசுக்கு அடியில் இருந்து, ஆற்றின் முழு அகலத்திலும், ஒரே நாளில், ஐந்து போத்தல் கொண்டுவந்து தந்தால் வேலை தொடரும். இல்லாவிட்டால் இல்லை.

அவருக்கு வேறு வேலை கொடுப்பார்கள். எனக்கு அந்த அறைதான். தொலைபேசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.

ஆறு நல்லாய் இறுகின பிறகு முதல்முறை போனோம். துளை போடுகிற பெரிய திருகைச் சுற்றிச் சுற்றிப் பக்கத்தில் பக்கத்தில் மூன்று துளை போட்டு, இடையை வாளால் அறுத்து எடுத்தால்தான் மீன் நீளவாட்டில் நுழையும். கயிற்றுச் சுருள் ஒரு சறுக்கு வண்டியில் பூட்டியிருக்கும். துளையைத் திறந்தால் அடியில் தெளிந்த தண்ணீர் என்று நினைத்திருந்தேன். இல்லை. துருவின தேங்காய்ப்பூ மாதிரி நொய்ந்த ஐஸ் குவிந்து கிடக்கும். அதைத் தடியால் விலக்கிப்போட்டுத்தான் இறக்க வேண்டும்.

இறக்கி ஏற்றினோம். போத்தல் வெறுமை. மூக்குக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்தாலும் அந்தக் காற்றில் அது கல்லாகிவிடுகிறது. திரும்பவும் இறக்கினோம். திரும்பவும் வெறுமை.

எனக்கு ஒரு யோசனை வந்தது. ஹைமில் இருந்து பெரிய சுடுதண்ணிப் போத்தலில் கொதிக்கக் கொதிக்கப் பிளேன்ரீ, பால் விடாத தேத்தண்ணி, கொண்டு வந்திருந்தேன். ஹெர் லூடர்ஸ் அடுத்த துளையைப் போட்டுக்கொண்டிருந்தபோது அதை மூக்கில் ஊற்றினேன். சீறிக்கொண்டு ஐஸ் கழன்று விழுந்தது. உடனே இறக்கினேன். முக்கால் போத்தல்! கையைத் தட்டிக்கொண்டு கத்தினேன். அவரும் ஓடி வந்து பார்த்து "நா அல்ஸோ" என்றார். தேத்தண்ணியை ஊற்றி ஊற்றி நடு ஆறுவரை மூன்று போத்தல் எடுத்துவிட்டோம்.

நடு ஆற்றைத் தாண்டி அவர் காலை வைத்தார். அந்தக் கரை வளைவில் ஓட்டம் கூட, ஆழமும் கூட, ஐஸ் மெல்லிசு. அவருக்குக் கீழே படக்கென்று ஒரு வெடிப்பு ஓடியது. ஒரு பெரிய மாடு பின்காலால் நடக்கிற மாதிரி அவர் திரும்பி வந்தார்.

"என்னைத் தாங்காது. நீங்கள் போங்கோ அன்ரன். உங்களில என்ன இருக்கு, எலும்புதானே."

நான் நகரவில்லை.

"பயமோ?"

"ஐசுக்குப் பயமில்லை, ஹெர் லூடர்ஸ். அங்கால வேற கிரைஸ்."

கிரைஸ் என்றால் மாவட்டம். எங்களைப்போல ஆட்கள் அனுமதி இல்லாமல் எங்கள் கிரைஸை விட்டு வெளியே போகக்கூடாது. பிடித்தால் தண்டம், இரண்டாம் முறை மறியலில் அடைப்பார்கள், வழக்கிலும் எழுதிவிடுவார்கள். எல்லை நடு ஆற்றில் ஓடுகிறது. ஹைம் சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தில் எல்லாரும் பாடமாக்கி வைத்திருந்தோம். கோடையில் பாலத்தில் நின்று வேலை செய்தபோதும் அங்கால் பாதியை அவர்தான் எடுப்பார், நான் இங்கால் பாதி. நான் அங்கால் வராததை அவர் என் வசதிக்கு என்று நினைத்திருக்கிறார்.

முதலில் சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்தினார். தான் நிற்கிற ஐசைப் பார்த்தார், முன்னால் இருக்கிற ஐசைப் பார்த்தார். இரண்டும் ஒரே வெள்ளைதான்.

"இந்தக் கோடு எங்க கிடக்குது?"

"இதில எங்கயோதான்."

மூன்று போத்தலோடு திரும்பினோம்.

அந்த மூன்று போத்தலையும் பரீட்சைக்கு என்று ஆய்வுகூடத்துக்கு அனுப்பினோம். அங்கே இருந்து தொலைபேசி வந்தது. ஹெர் லூடர்ஸ் கேட்டுக்கொண்டே இருந்தார். அவருடைய காது சிவந்துகொண்டு வந்தது. வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"வடிதாளில மண்ணிறத் தூள் கிடக்காம். மண் இல்லையாம், ஏதோ செடியாம். இந்த ஆறு சிலோனில இருந்தோ வருது?"

பிளேன்ரீத் தூள். மூக்குக்குள்ளால் போத்தலுக்குப் போய்விட்டது. நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் மேசையில் கையால் அடித்து அடித்துச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு, "யோசனை சரி, சாமான் பிழை. சுடுதண்ணி. வெறும் சுடுதண்ணி" என்றார்.

ஆனால் மூன்று போத்தலும் கழிந்தது. ஐந்தையும் ஒரே நாளில் முதலில் இருந்து எடுக்க வேண்டும். வானொலியில் மேற்குக் காற்று வருகிறது, ஐஸ் உருகப் போகிறது என்றும் சொல்லிவிட்டார்கள். அன்று பின்னேரமே என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போனார். அங்கே எங்கள் ஹைமுக்குப் பொறுப்பு ஃபிராவ் பேரென்ஸ் என்கிற அம்மா. அந்தப் பெயரைச் சொன்னால் குணம் அண்ணையே குரலைத் தாழ்த்துவார்.

"டெர்மின் எடுத்தனீங்களோ?" என்றார் அவர். டெர்மின் என்றால் வர முதல் கேட்டு எடுக்கிற சந்திப்பு நேரம்.

"ஐஸ் எங்களுக்கு டெர்மின் தரேல்லை" என்றார் ஹெர் லூடர்ஸ்.

"அப்ப அன்ட்ராக் எழுதிப் போடுங்கோ. ரெண்டு கிழமை செல்லும்."

"ரெண்டு கிழமையில அது தண்ணி. தண்ணியில நடக்கிறதெண்டா வேற ஆளைத்தான் பிடிக்கவேணும்."

ஃபிராவ் பேரென்ஸ் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்தார். "மற்றக் கிரைஸில இவர் எந்த இடத்துக்குப் போறார்? விலாசம் சொல்லுங்கோ."

"விலாசம் இல்லை. ஐஸ்."

"விலாசம் இல்லாமல் எழுத ஏலாது."

"அப்ப வந்து பாருங்கோ. பாத்திட்டு நீங்களே ஒரு விலாசம் வையுங்கோ."

நான் கதவடியில் நின்று வியர்த்தேன். இப்படி ஒருவர் அந்த மேசைக்கு முன்னால் நின்று கதைத்து நான் கண்டதில்லை. இனி என் வழக்கும் சேர்த்து முடிந்தது என்றே நினைத்தேன். ஃபிராவ் பேரென்ஸ் கண்ணாடியைக் கழற்றினார், என்னை மேலும் கீழும் பார்த்தார். "இவரையோ நீங்கள் அந்த ஐசுக்கு மேல விடப்போறியள்?" என்றார்.

"இவரைவிட எனக்கு வேற ஆள் இல்லை."

அது என் காதில் இன்னும் இருக்கிறது.

அடுத்த நாள் விடிய நாங்கள் சாமான் இறக்கிக்கொண்டிருக்கும்போது ஒரு சின்னச் சிவப்புக் கார் கரையில் வந்து நின்றது. மயிர்ச் சப்பாத்தும் தொப்பியுமாக ஃபிராவ் பேரென்ஸ் இறங்கினார், கையில் தோல்பை. ஆற்றைப் பார்த்தார். அங்கால் கரையைப் பார்த்தார். போத்தல் பெட்டி மூடியில் கடதாசியை விரித்து எழுதத் தொடங்கினார்.

"போற இடம்: ஆற்றின் மறுபாதி. போற நோக்கம்?"

"மண் எடுக்க" என்றார் ஹெர் லூடர்ஸ்.

"எவ்வளவு மண்?"

"எல்லாத்தையும் காயவைச்சா ஒரு தேக்கரண்டி வராது."

ஃபிராவ் பேரென்ஸ் நிமிர்ந்தார். "ஒரு தேக்கரண்டி மண்ணுக்கோ என்னை இந்தக் குளிருக்க கூப்பிட்டனீங்கள்?"

"ஓம்."

முத்திரை குத்தினார், விழவில்லை. மை உறைந்துவிட்டது. முத்திரையை வாய்க்குக் கிட்டப் பிடித்து ஊதினார். திரும்பக் குத்தினார். பாதி விழுந்தது. திரும்பவும் ஊதினார். மூன்றாம் தரம் முத்திரைக் கழுகு முழுதாய் விழுந்தது. இன்று பொழுதுபடும்வரை செல்லும். என் கையில் தந்தார். நான் அதை நெஞ்சுப் பையில் வைத்துப் பொத்தானைப் பூட்டினேன்.

இந்தமுறை பெரிய பால் கானில் சுடுதண்ணி, அதைச் சுற்றிக் கம்பளி. மீன் அந்தக் கானுக்குள்ளேயே தலைகீழாக நிற்கும். இறக்கப்போகிற கணத்தில்தான் வெளியே எடுத்துப் போத்தலைப் போடுவோம். மேலே வந்ததும் போத்தலைக் கழற்றி, அடைத்து, பெயரொட்டி, கம்பளியில் சுற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் போத்தல் வெடிக்கும். முதலாவது, இரண்டாவது, மூன்றாவது. ஹெர் லூடர்ஸ் சுருளைச் சுற்றினார். மூன்றும் முக்கால் போத்தல், மூன்றிலும் மெல்லிய கலங்கல்.

நடு ஆற்றில் என் இடுப்பில் கயிறு கட்டினார். மறுமுனை அவர் கையில். ஏணியைப் படுக்கப்போட்டு அதற்கு மேல் தவழ்ந்தேன். சறுக்கு வண்டியையும் கானையும் பின்னால் இழுத்துக்கொண்டேன். எந்த இடத்தில் எல்லையைக் கடந்தேன் என்று எனக்குத் தெரியாது. ஐஸ் முனகியது, வெடிக்கவில்லை. அங்கே நானே துளை போட்டேன், நாலாவது போத்தலும் வந்தது.

ஐந்தாவது இடம் வளைவுக்குக் கிட்ட. அங்கே தேங்காய்ப்பூ ஐஸ் அடிவரைக்கும் கிடந்தது. தடியால் விலக்கினால் திரும்ப ஓடிவந்து மூடிக்கொண்டது. மீனை இறக்கினேன், ஏற்றினேன். வெறும் போத்தல். கானில் விட்டுக் கழுவித் திரும்ப இறக்கினேன். வெறும் போத்தல். கானைத் தொட்டுப் பார்த்தேன், தண்ணீர் ஆறிப்போயிருந்தது. மேற்கில் இருந்து ஒரு ஈரக் காற்று முகத்தில் பட்டது. ஐசுக்கு மேல் ஒரு மினுக்கம் தெரிந்தது, தண்ணீர் பூக்கத் தொடங்கிவிட்டது.

"ஆறிப்போச்சு! இனிச் சுடுதண்ணி இல்லை!" என்று கத்தினேன். என் குரல் அழுகிற குரலாகப் போனது. அழுதுகொண்டும்தான் இருந்தேன்.

ஹெர் லூடர்ஸ் நடு ஆற்றில் கயிற்றோடு நின்றார். ஒரு அடி முன்னால் வைத்தார். ஐஸ் வெடித்தது. நின்றார்.

"மூக்கைக் கழட்டுங்கோ!" என்று கத்தினார். "கக்கத்துக்குள்ள வையுங்கோ! தோலோட!"

மூக்கு மறையில் சுற்றிக் கழற்றுகிற சாமான். கையுறையைப் பல்லால் இழுத்துவிட்டுக் கழற்றினேன். சட்டைக்குள் விட்டுக் கக்கத்தில் வைத்து அழுத்தினேன். நெருப்பு வைத்த மாதிரிச் சுட்டது. மற்றக் கையால் தடியைப் பிடித்து நொய்ந்த ஐசைக் குத்திக் குத்தி விலக்கிக்கொண்டே இருந்தேன்.

"இன்னும்! இன்னும் வைச்சிருங்கோ! இப்ப எடுக்கப்படாது!"

கரையில் இருந்து ஃபிராவ் பேரென்ஸும் ஏதோ கத்தினார். அவர் சொன்னது என்ன என்று விளங்கவில்லை. சட்டப்படியான கத்தல் மாதிரி இருக்கவில்லை.

"இப்ப!"

மூக்கை எடுத்துப் பூட்டினேன். விரலுக்கு உணர்ச்சி இல்லை. மறை இரண்டுதரம் தவறி மூன்றாம் தரம் ஏறியது. தடியால் கடைசியாய் ஒரு குத்து, குழி திறந்தது, மீனை விட்டேன். அந்த நேரம் பார்த்து என் கை கெதிப்பட்டு இழுக்கப் பார்த்தது. முழு உடம்பும் இழு இழு என்றது. நான் விடவில்லை. ஆறுதலாய் இறக்கினேன். அடிக்குக் கிட்டக் கயிறு நடுங்குகிறது தெரிந்தது. முட்டவிடாமல் நிறுத்தி, அதே வேகத்தில் சுற்றி ஏற்றினேன். வால் தெரிந்தது. வயிற்றைத் திறந்தேன்.

முக்கால் போத்தல். மற்ற நாலையும்விடக் கலங்கல். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினேன்.

ஹெர் லூடர்ஸ் ஆற்றின் நடுவில் நின்று இரண்டு கையையும் தூக்கி, அவர் ஊரே கேட்க, "நா அல்ஸோ!" என்று முழங்கினார். ஃபிராவ் பேரென்ஸ் கையுறையோடு கைதட்டினார், சத்தமே வரவில்லை.

முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஆய்வுகூடம் ஐந்து போத்தலையும் ஏற்றுக்கொண்டது. ஐசுக்கு அடியில் மண் போகிறது, வளைவில் கனக்கப் போகிறது. தலைமை அலுவலகத்தில் இருந்து ஒருத்தர் நேரே வந்து மீனையும் கானையும் படம் பிடித்துக்கொண்டு போனார். வேலை நிற்கவில்லை. அதற்குப் பிறகு எந்தக் குளிர்காலமும் நான் அறையில் கிடக்கவில்லை. ரஞ்சன், உனக்கு இன்றைக்கு அந்த வேலை இருப்பதும் அதனால்தான். இப்போது மூக்கைச் சூடாக்க மின்கம்பி சுற்றின மீன் வந்துவிட்டது, உன் கக்கத்துக்கு ஆபத்து இல்லை.

ஆனால் நான் எழுத நினைத்தது அந்த நாளின் மிச்சத்தை.

கயிற்றில் போத்தலையும் சாமானையும் கட்டி அனுப்பிவிட்டேன். ஹெர் லூடர்ஸ் இழுத்து எடுத்தார். நான் நின்ற இடத்தில் இருந்து அங்கால் கரை கிட்ட, திரும்பிப் போகிற வழிதான் தூரம். "அங்கால ஏறுங்கோ! ஐஸ் இனித் தாங்காது! நாங்கள் பாலத்தால சுத்தி வாறம்!" என்று கத்தினார். பிறகு ஃபிராவ் பேரென்ஸைத் திரும்பிப் பார்த்தார். அவர் தன் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, போகலாம் என்று கையைக் காட்டினார்.

கரையில் ஏறினேன். ஊருக்கு வந்த நாளில் இருந்து நான் காலே வைக்காத மண். என் உடம்பு முழுக்கக் கொதித்தது. ஓடவேண்டும் போல, யாரையாவது பிடித்து உலுப்பவேண்டும் போல இருந்தது. ஊரில் தனியாய்க் கடலுக்குப் போன நாளில் நல்ல பாடு, வள்ளம் நிறைய மீன், பட்டால் கரைக்கு வந்ததும் நான் முதலில் சொல்லுகிறது ஒரே ஒரு ஆளிடம்தான்.

அங்கே ஒரு கிழவர் நாயோடு நின்றார். முழுவதையும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

"ஐசுக்கு மேலாலயோ வந்தனீர்?"

"ஓம்."

"தாங்கினதோ?"

"தாங்கினது."

"என்னத்துக்கு அப்பிடிக் கத்தினனீங்கள்? ஆரும் விழுந்திட்டினமோ எண்டு நினைச்சன்."

"இல்லை. வென்றிட்டம்" என்றேன். வேறு சொல் எனக்கு ஜெர்மனில் வரவில்லை. அவர் விளங்காமல் பார்த்தார். அப்போதுதான் அது என் வாயில் இருந்து வந்தது. இரண்டு வருடமாய் வராதது, யாரென்று தெரியாத ஒருவருக்கு முன்னால், கொச்சை ஜெர்மனில் வந்தது.

"இதை நான் என்ர அண்ணனுக்குத்தான் சொல்லவேணும். அவர் செத்துப்போனார். கடலில வைச்சுச் சுட்டுப்போட்டாங்கள்."

கிழவர் தொப்பியைக் கழற்றினார். அந்தக் குளிரில் தலையில் மயிர் இல்லாத மனிதன். பிறகு திரும்பப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் கிடந்த மரக்குற்றியில் பனியைத் தட்டிவிட்டு இருந்தார். எனக்கும் இடம் விட்டார்.

"அப்ப எனக்குச் சொல்லும். தொடக்கத்தில இருந்து" என்றார்.

நான் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். கார் பாலத்தைச் சுற்றி வர நேரம் இருந்தது. மீன் என்றால் என்ன, அதன் மூக்கு எப்படி உறையும், தேங்காய்ப்பூ ஐஸ் எப்படி மூடும் என்று கையால் காட்டிக் காட்டி, சொல் வராத இடத்தில் தமிழில் சொல்லிச் சொல்லி, தொடக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். நாய் பனியில் படுத்துவிட்டது. கிழவர் எழும்பவில்லை.